கத்தரிக்காய் மேல் போட்ட பழி

2021, கார்த்திகை மாதம். பேரன் பிறந்து மூன்று மாதம் முடிந்திருந்த சமயம். இரவு இரண்டு மணி இருக்கும். பக்கத்து அறையிலிருந்து 'சரக்... சரக்...' என்று ஒரு சத்தம். எலிதான் எதையோ கொறிக்கிறது என்று நினைத்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

எலி இல்லை. பேரன். கண்ணைத் திறக்காமலே கன்னத்தை விரிப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டிருந்தான். கையால் சொறியத் தெரியாத வயது. அதனால் முகத்தையே துணியில் உரசுகிறான். பக்கத்தில் என் மகள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய ஒரு கை அவன் தலைக்கு அடியில் இருந்தது. விரிப்பில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள்.

வழக்கமாக நான் தபால் துறைக் கதைகளையே எழுதுகிறவன். இது வீட்டுக் கதை. இதில் என் தவறும் இருப்பதால் எழுதலாமா வேண்டாமா என்று வெகு நாள் யோசித்தேன். என் வயதுக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு மகள் பெங்களூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். பிறந்தபோது பையன் பளிங்கு மாதிரி இருந்தான். இரண்டரை மாதத்தில் இரண்டு கன்னமும் சிவக்க ஆரம்பித்தது. "பாருங்க, ஆப்பிள் மாதிரி" என்று நாங்களே கொஞ்சினோம். பிறகு அந்தச் சிவப்பு சொரசொரப்பாகி, வெடித்து, நீர் கசிந்தது. நெற்றி, காது மடல், கை, கால் முழங்கள் என்று பரவியது. எங்கள் பக்கத்தில் இதற்குக் 'கரப்பான்' என்று பெயர். ஆங்கில வைத்தியத்தில் எக்ஸிமா என்கிறார்கள்.

கரப்பான் என்ற சொல் காதில் விழுந்த உடனே நம் வீடுகளில் விசாரணைக் கமிஷன் அமைத்துவிடுவார்கள். விசாரிக்கப்படுவது யார்? பெற்றவள்தான்.

என் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்: "ஏட்டி, நீ கத்தரிக்கா தின்னியா?"

மகள் விழித்தாள். "வளைகாப்புக்கு முன்னால தின்னேன் அத்தை."

"பார்த்தியா! கருவாடு?"

அடுத்து வந்தவர்கள் சோளத்தைச் சொன்னார்கள். ஒருவர் நிலக்கடலை என்றார். ஒருவர் முட்டை என்றார். எதிர்வீட்டம்மா தயிரே ஆகாது என்றார். ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டு மகள் ஒவ்வொன்றாக விட்டாள். கடைசியில் அவள் தட்டில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான் மிஞ்சின. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் அதைத் தின்று எத்தனை நாள் தாங்குவாள்? பிரசவத்துக்குப் பிறகு போட்டிருந்த சதையெல்லாம் ஒரு மாதத்தில் கரைந்துவிட்டது.

குழந்தைக்கும் வைத்தியம் நடந்தது. பயத்தம் மாவு தேய்த்தோம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். குளிப்பாட்டி முடித்ததும் சாம்பிராணிப் புகை. அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய். கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஒன்று குறைந்தால் இரண்டு கூடியது.

ஒருநாள் மகள், "அப்பா, பசிக்குப்பா. ஒரு முட்டையாவது சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "பெரியவங்க சொல்லுதாங்கள்லா, கொஞ்ச நாளைக்கு நாக்கைக் கட்டுனா என்னம்மா?"

அடுக்களையில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டம்மா கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அடுத்தபடியாக நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். தெருமுனை மருந்துக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு ட்யூபைக் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு ஒன்றும் கேட்கவில்லை. நானும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பூசிய மூன்றாம் நாள் கன்னம் கண்ணாடி! அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். ட்யூப் தீர்ந்தது. நாலைந்து நாளில் சிவப்பு திரும்பி வந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக.

நான் எலி என்று நினைத்துப் போன இரவு அதற்கு அடுத்து வந்ததுதான். டார்ச் வெளிச்சத்தில் மகள் கண் விழித்தாள். என்னைப் பார்த்ததும் உதடு துடித்தது. "அப்பா, என் பாலே அவனுக்கு விஷமாப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் முதல் வேலையாகத் திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவரிடம் டோக்கன் போட்டேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். குழந்தையை முழுவதும் அவிழ்த்துப் பார்த்தார். டயப்பர் போடும் இடத்தில் மட்டும் தோல் நன்றாக இருப்பதைக் காட்டி, "இந்த நோய் பெரும்பாலும் இந்த இடத்தை விட்டுடும்" என்றார். 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்று எழுதினார். பிறகு நான் பையில் கொண்டுபோயிருந்த காலி ட்யூபை வாங்கிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"சார், இது மூணு மருந்து கலந்தது. படர்தாமரைக்குன்னு விக்கிறாங்க. இதுல இருக்கிற ஸ்டீராய்டு குழந்தை முகத்துக்கு ரொம்ப வீரியம். தோல் மெலிஞ்சு போயிடும். நல்ல வேளை, ஒரு ட்யூபோட நிறுத்தினீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் விளக்கியது எனக்கு இன்றும் மறக்கவில்லை. நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செல்கள்தான் செங்கல். இடையில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சுவர் சரியாகக் கட்டப்படுவதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும். வெளியே இருக்கும் தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே வந்துவிடும். உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். அந்தச் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். சுவரைக் கட்ட உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பலருக்குக் குறைவாக இருக்கிறதாம். அது மரபணுவில் வருவது.

"வீட்ல யாருக்காவது ஆஸ்துமா உண்டா? காலையில அடுக்குத் தும்மல்? சின்ன வயசுல கரப்பான்?" என்று கேட்டார்.

என் வீட்டம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஏ.சி. குளிருக்கு எனக்கு வரிசையாக ஐந்து தும்மல் வந்தது. டாக்டரே சிரித்துவிட்டார்.

ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பைகளை உதறிப் பிரித்த காலத்திலிருந்து எனக்குத் தும்மல் உண்டு. தூசியால் என்றே நினைத்திருந்தேன். என் அம்மாவுக்கு இழுப்பு இருந்தது. மகளுக்கும் கைக்குழந்தையில் இதே கரப்பான் வந்து நாலு வயதில் போனது. அப்படியானால் இது எந்த வழியில் இறங்கி வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? சூழ்நிலையும் சேர்ந்துதான் நோய் வெளியே வரும், யாரையும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் என் நாற்காலி எனக்குக் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த என் வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ டாக்டர், அம்மாக்காரி கத்தரிக்கா தின்னதால வரலியா?"

"இல்லம்மா. சில குழந்தைங்களுக்கு இதோட சேர்ந்து உணவு அலர்ஜியும் இருக்கும். அதை நாங்க பார்த்துச் சொல்லுவோம். சந்தேகத்துல தாயைப் பட்டினி போடக்கூடாது. இந்தப் பொண்ணு இன்னைக்கே ஒழுங்காச் சாப்பிடணும்."

ஆட்டோவில் திரும்பி வரும்போது வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சொன்ன வைத்தியம் ரொம்பச் சாதாரணம். தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்திலிருந்து பத்து நிமிடக் குளியல். சோப்பு, பயத்தம் மாவு, மஞ்சள் எதுவும் கூடாது. சோப்புக்குப் பதில் ஒரு மென்மையான திரவம். புண்ணான தோலில் சாப்பிடும் பொருளைத் தேய்த்தால் பின்னாளில் அந்தப் பொருளே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று காரணமும் சொன்னார். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுதாகக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்தில், மாய்ஸ்சரைசர் க்ரீமை உடம்பு முழுக்கப் பூச வேண்டும். பிறகும் பகலில் இரண்டு மூன்று தடவை.

"எவ்வளவு பூசணும்?" என்று கேட்டேன். பொட்டு வைப்பதுபோல் வைக்கக்கூடாதாம். வாரத்துக்கு 100 கிராம் டப்பா ஒன்று காலியாக வேண்டுமாம். தபால் துறை பென்ஷன்காரனுக்குச் சற்று மூச்சு வாங்கியது. ஆனால் கணக்குப் பார்க்கிற விஷயமா இது?

சிவந்த இடத்துக்கு மட்டும் வீரியம் குறைந்த ஒரு ஸ்டீராய்டு களிம்பு. அதைக் கேட்டதும் மகள் பயந்தாள். நாங்களும் ஒரு ட்யூபால் சூடு கண்டவர்கள்தானே? டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சரியான வீரியம், சரியான அளவு, சரியான நாட்கள் என்றால் பயமில்லை. பயந்து பூசாமல் விட்டு, குழந்தை சொறிந்து புண்ணாக்குவதுதான் ஆபத்து. அளவுக்கு ஒரு வழியும் காட்டினார். பெரியவர்களின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபைப் பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். 'விரல் நுனி அளவு' என்றே அதற்குப் பெயராம்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைப் பங்கு போட்டோம். குளிப்பாட்டுவது வீட்டம்மா. க்ரீம் பூசுவது நான். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மகள் தூங்க வேண்டும், அந்த நேரம் பையன் என் பொறுப்பு. பசித்தால் மட்டும் அவளை எழுப்புவது. முதல் இரவு மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களுக்கு எதுக்குப்பா கஷ்டம்?" என்றாள். ஆர்.எம்.எஸ்.ஸில் எத்தனையோ வருடம் இரவுப் பணி பார்த்தவனுக்கு நாலு மணி நேரம் ஒரு கஷ்டமா? அன்று அவள் படுத்த மாதிரியே தூங்கினாள். இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கிய அதே முகம்.

என் பழைய எட்டு முழ வேட்டிகளைக் கிழித்து விரிப்பாக்கினோம். பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணிக்கு இணை கிடையாது. கம்பளித் தொப்பியும் நைலான் சட்டையும் பெட்டிக்குள் போயின. வாரம் இரண்டு முறை நகம் வெட்டினேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பதால் அவன் குளியலுக்கு மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். இது டாக்டர் சொன்னதில்லை, என் சொந்த ஆசை.

தபால்காரன் புத்தி போகாதல்லவா? ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு எழுத ஆரம்பித்தேன். தேதி, குளித்த நேரம், பூசிய நேரம், தூங்கிய மணி, எங்கே சிவப்பு, மகள் அன்று என்ன சாப்பிட்டாள். மகள் இப்போது முட்டை, மீன், தயிர், கத்தரிக்காய் என்று பழையபடி சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தேன். அக்கா வந்து சாம்பிராணி போட்ட மறுநாள் சிவப்பு. மார்கழிக் குளிருக்கு யாரோ ஸ்வெட்டர் போட்டுவிட்ட அன்று சிவப்பு. சளி பிடித்தபோது சிவப்பு. எச்சில் வடிந்தால் தாடையில் சிவப்பு. வெளியூர் போய் இரண்டு நாள் க்ரீம் தவறியபோது நல்ல சிவப்பு. கத்தரிக்காய்க் குழம்பு வைத்த நாட்களையும் தேடித் தேடிப் பார்த்தேன். அந்த நாட்களில் குழந்தை மற்ற நாள் போலவேதான் இருந்திருக்கிறான்.

ஒரேயடியாகக் குணமாகிவிடவில்லை. தை மாதத்தில் ஒருநாள் கன்னத்தில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. கிருமி தொற்றிவிட்டது என்று தெரிந்து அன்றைக்கே ஓடினோம். மருந்து கொடுத்தார், ஒரு வாரத்தில் அடங்கியது. உதட்டில் அக்கிக் கொப்புளம் இருப்பவர்கள் இந்தக் குழந்தைகளை முத்தமிடவே கூடாது என்றும் அப்போது எச்சரித்தார். அந்தக் கிருமி இந்தத் தோலில் வேகமாகப் பரவி ஆபத்தாகிவிடுமாம். வருகிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இனி அந்தப் பார்வைக்கு வருகிறேன்.

பதிவேட்டைப் புரட்டிய அன்று இரவு வீட்டம்மாவிடம் சொன்னேன்: "கத்தரிக்காய்க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பார்த்தியா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியுமே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவளுக்கு வந்தப்ப உங்க அம்மா என்னைக் கேட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது. 1989. "அம்மா சொல்லுதால்லா, கொஞ்ச நாளைக்கு நாக்கைக் கட்டுனா என்ன?" அதே வார்த்தை. அன்றும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தேனாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டம்மா கத்தரிக்காய் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கெல்லாம் எண்ணெய்க் கத்தரிக்காய் வைப்பாள், தான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் விரும்பிச் சாப்பிட்டது அதுதான் என்பது அப்போதுதான் மெல்ல நினைவுக்கு வந்தது. மகளுக்குக் கரப்பான் வந்தபோது விட்டவள் பிறகு தொடவே இல்லை. 32 வருடம்.

"குணமான பிறகாவது சாப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"வாயில வச்சா அவ அழுத சத்தம்தான் கேக்கும். எறங்கல" என்றாள்.

நாலு வருடம் ஒரு குழந்தையின் அரிப்பைத் தூங்காமல் பார்த்துக்கொண்டவள் அவள். அதோடு, அந்த அரிப்புக்குத் தானே காரணம் என்ற நினைப்பையும் சுமந்திருக்கிறாள். அந்த இரவுகளில் நான் பெரும்பாலும் பணியில் இருந்தேன். வீட்டில் இருந்த இரவுகளில் தூங்கினேன். "நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. மடித்த துணியை பீரோவில் வைக்கப் போனாள்.

மறுநாள் பாளை மார்க்கெட்டுக்குப் போய் பிஞ்சாக அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி வந்தேன். மகள் சமைத்தாள். வீட்டம்மா தட்டில் நானே இரண்டு வைத்தேன். ஒன்றைச் சாப்பிட்டாள். இன்னொன்றை என் தட்டில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு, அவளே எப்போதாவது வைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். நான் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. முகம் தெளிந்துவிட்டது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் மட்டும் பெங்களூர்க் குளிருக்கு எட்டிப் பார்க்கும். வளர வளரப் பல குழந்தைகளுக்கு அடங்கிவிடும், சிலருக்குத் தொடரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது க்ரீம் டப்பாவை அவனே எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, பூசு" என்று கையை நீட்டுகிறான். 'சொறியாதே' என்று அவனிடம் நாங்கள் சொல்வதில்லை. அரிக்கிறவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? கையில் ஏதாவது விளையாட்டுச் சாமானைக் கொடுத்துவிட்டு, நாங்கள் பூசிவிடுகிறோம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்னம் வெடித்த ஒரு கைக்குழந்தையைப் பார்க்கப் போனால், அதன் தாயிடம் என்ன தின்றாய் என்று கேட்காதீர்கள். உனக்குத் தெரிந்த எண்ணெய், எனக்குத் தெரிந்த பச்சிலை என்று ஆரம்பிக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய் ரெண்டு மணி நேரம் படுத்துத் தூங்கும்மா" என்று சொல்லுங்கள்.

நான் 1989-இல் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.